நடுங்கும் ரோபோ கை

பள்ளி விடுமுறையில் பிள்ளை ஒரு ரோபோ கை செய்கிறான். ஒரு சர்வோ மோட்டாரை மட்டும் இயக்கினால் சொன்ன கோணத்தில் சரியாக நிற்கிறது. நான்கையும் இயக்கினால் கை நடுங்குகிறது. ஆர்டுயினோ பலகை அணைந்து, நிரல் மறுபடியும் முதலிலிருந்து ஓடுகிறது. இரவு முழுக்க நிரலைத் திருத்திப் பார்த்துவிட்டு, “எனக்கு இதெல்லாம் வராது” என்று எடுத்து வைத்துவிடுகிறான்.

பெரும்பாலும் தவறு நிரலில் இருக்காது. மின்சாரம்தான் போதவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எஸ்ஜி90 என்ற சிறிய சர்வோவின் எடை 9 கிராம்தான். ஆனால் சுமையால் திணறி நின்றுவிட்டால் அரை ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். நான்கு சேர்ந்தால் 2 ஆம்பியரைத் தாண்டிவிடும். ஆர்டுயினோ ஊனோவின் யுஎஸ்பி வழியில் உள்ள ஃபியூஸ் 500 மில்லி ஆம்பியருக்கானது. வீட்டில் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்தால் தண்ணீர் மெலிந்து வருவதுபோல, இங்கே வோல்ட் சரிகிறது; சிப் மறுதொடக்கம் ஆகிறது.

9 வோல்ட் சதுர பேட்டரியும் உதவாது. புகை எச்சரிக்கைக் கருவிபோல் சிறிதளவு மின்சாரம் கேட்கும் கருவிகளுக்கே அது பொருந்தும்.

செய்ய வேண்டியவை:

1. சர்வோக்களுக்குத் தனி மின்சாரம் கொடுங்கள். 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் போதும். மறுமின்னூட்டம் செய்யும் ஏஏ பேட்டரிகள் நான்கைத் தொடராக இணைத்தால் 4.8 வோல்ட் கிடைக்கும்.

2. அந்த மின்சாரத்தின் எதிர்முனையைப் பலகையின் ‘கிரவுண்ட்’ முனையோடு இணைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் சர்வோவுக்குச் சிக்னல் புரியாது. நேர்முனையைப் பலகையின் 5 வோல்ட் முனையோடு இணைக்கக் கூடாது.

3. சர்வோக்களுக்கு அருகே 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்தால் திடீர் சரிவைத் தாங்கும். அது 10 வோல்ட் அல்லது அதற்கு மேல் தாங்கக்கூடியதாக இருக்கட்டும். முனைகளை மாற்றிப் பொருத்தினால் வெடிக்கலாம். பெரியவர்கள் கூட இருங்கள்.

4. மெல்லிய கம்பிகளும் பிரெட்போர்டும் மோட்டார் மின்சாரத்துக்கு ஏற்றவை அல்ல. தடித்த கம்பி போடுங்கள்.

அடுத்த முறை தேக்காவுக்குப் போகும்போது, ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவருக்கும் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். மின்னணுப் பாகங்கள் விற்கும் கடைகள் அங்கே உண்டு. ஒரு மல்டிமீட்டரும் வாங்கிக் கொடுங்கள். கை அசையும்போது வோல்ட் சரிவதைத் தானே பார்த்துவிட்டால், தவறு தன்னிடம் இல்லை என்பது அவனுக்கே தெரிந்துவிடும்.