அணு உலை உரிமத்தில் எழுத்துப் பிழை: திருத்தினால் ஊருக்குச் சொல்ல வேண்டுமா?

பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர். நம்மவர்களுக்கு இது பழகிய தலைவலி. அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதி வைத்த பெயர் பேரப்பிள்ளைகள் வரை துரத்தும். என் பாட்டியின் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்திருந்தது. தாத்தா இறந்த பிறகு அவருடைய சேமிப்பை எடுக்க, அந்த ஓர் எழுத்துக்காக ஓர் அலுவலகத்தின் படியை மூன்று மாதம் ஏறி இறங்கினோம். “எழுத்துப் பிழைதானே அம்மா” என்று ஆறுதல் சொன்னவரும் அங்கேதான் இருந்தார். “சத்தியப் பிரமாணம் கொண்டு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பியவரும் அங்கேதான் இருந்தார்.

அணுமின் நிலையங்களின் இயக்க உரிமத்திலும் இப்படிப் பிழைகள் விழுகின்றன. அவற்றை எப்படித் திருத்துவது என்பதற்கு அமெரிக்காவில் தனி வழிமுறையே உண்டு. அதை இப்போது நாம் ஏன் பார்க்க வேண்டும்? 2025 ஜூலையில் மலேசியாவும் அமெரிக்காவும் அணுசக்தியை அமைதி வழியில் பயன்படுத்துவதற்கான ஒத்துழைப்புக் குறிப்பாணையில் கையெழுத்திட்டன. சிங்கப்பூர் அதற்கு ஓராண்டு முன்பே, 2024 ஜூலையில், ‘123 ஒப்பந்தம்’ எனப்படும் உடன்பாட்டைச் செய்துகொண்டது. கையெழுத்து போட்டதாலேயே நாளைக்கு உலை வந்துவிடாது. ஆனால் வந்தால் யாருடைய விதிகளைப் பார்த்து நம் விதிகளை எழுதுவோம் என்பது ஓரளவு தெரிகிறது. உலை வெடிக்குமா, கழிவு எங்கே போகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். உரிமப் பத்திரத்தில் ஒரு வரி மாறினால் பக்கத்தில் குடியிருப்பவனுக்குத் தெரியுமா என்று கேட்பவர் குறைவு.

அமெரிக்காவில் 90க்கும் மேற்பட்ட உலைகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் தந்த உரிமம் உண்டு. உரிமத்தோடு ‘தொழில்நுட்ப நிபந்தனைகள்’ என்ற தடித்த இணைப்பு இருக்கும். எந்த பம்ப் எப்போதும் தயாராக இருக்க வேண்டும், அது பழுதானால் எத்தனை மணி நேரத்துக்குள் சரி செய்ய வேண்டும், முடியாவிட்டால் எப்போது உலையை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அதில்தான். நிலையத்தை ஓட்டுபவருக்கு அது அறிவுரை அல்ல, சட்டம். பல நிலையங்களில் இந்தப் பத்திரம் நூற்றுக்கணக்கான தடவை திருத்தப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பக்கங்கள் புதிதாகத் தட்டச்சு செய்யப்படும். பிழை நுழைவது பெரும்பாலும் அங்கேதான்: ஒரு சொல் விடுபடும், காலாவதியான நிபந்தனை அப்படியே கிடக்கும், ‘பிரிவு இதைப் பார்க்க’ என்று தவறான பிரிவு எண் காட்டப்படும்.

பிழை இல்லாமலேயே சில திருத்தங்கள் வரும். எக்ஸலான் நிறுவனத்தின் உலைகள் 2022 பிப்ரவரியில் கான்ஸ்டலேஷன் என்ற பெயருக்கு மாறியபோது, உரிமங்களில் பெயரை மாற்றவும் முறையான திருத்தம் தேவைப்பட்டது.

இந்த இணைப்பில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது ‘அண்ட்’, ‘ஆர்’ என்ற இரண்டு சிறிய சொற்கள். ‘இதையும் அதையும் செய்’ என்பதற்கும் ‘இதையோ அதையோ செய்’ என்பதற்கும் உள்ள தூரம் சொல்லாமலே விளங்கும். அதோடு நிற்கவில்லை. அந்தச் சொல் பக்கத்தின் இடது ஓரத்திலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளி அச்சிடப்பட்டிருக்கிறது என்பதற்கும் பொருள் உண்டு என்று அந்தப் பத்திரமே விளக்குகிறது. வெளியே இருந்தால் முழு நடவடிக்கையையும் இணைக்கும், உள்ளே இருந்தால் அதன் துணை நடவடிக்கையை மட்டும். தட்டச்சு செய்பவர் ஒரு வரியை அரை அங்குலம் நகர்த்தினால் கட்டளையே மாறிவிடும். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ‘வேலை கொடுத்தான்’ என்றால் ஒருவனுக்குப் பிழைப்பு கிடைத்தது. ஒரு ‘க்’ சேர்த்து ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் அவன் கையில் ஈட்டி.

அப்படியானால் பிழையை எப்படித் திருத்துவது? இரண்டு வழிகள் இருக்கின்றன. 1996 நவம்பரில் ஆணையத்தின் அதிகாரிகள் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். 1997 ஜனவரியில் அது வழிகாட்டுதலாக வந்தது. அதன் சாரம் இது: நிறுவனம் கேட்காத, ஆணையம் பரிசீலிக்காத, பொது அறிவிப்பில் இடம்பெறாத ஒரு மாற்றம் தட்டச்சில் தானாக நுழைந்திருந்தால், அந்த மாற்றத்துக்கு யாரும் அதிகாரம் தரவே இல்லை. ஆகவே ஒரு கடிதம் எழுதி, சரியான பக்கத்தை மாற்றி வைத்தால் போதும்.

ஆனால் பிழை நிறுவனத்தின் விண்ணப்பத்திலேயே இருந்து, ஆணையமும் அதைப் பார்த்து ஒப்புதல் தந்திருந்தால் கதை வேறு. அது பிழைதான் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டாலும் அது சட்டமாகிவிட்டது. அதை மாற்ற முழு உரிமத் திருத்தம் வேண்டும். நிறுவனம் சத்தியப் பிரமாணத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். மாநில அரசுக்கு ஒரு பிரதி போக வேண்டும். மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்: ஏற்கனவே ஆராய்ந்த விபத்து நடக்கும் வாய்ப்போ அதன் பாதிப்போ கணிசமாகக் கூடுமா, புது வகை விபத்துக்கு வழி திறக்குமா, பாதுகாப்பு இடைவெளி கணிசமாகக் குறையுமா? ஒரு பிரிவு எண்ணைச் சரி செய்யவும் இந்த மூன்றுக்கும் ‘இல்லை, இல்லை, இல்லை’ என்று காரணத்தோடு எழுதுகிறார்கள். பிறகு அரசிதழில் அறிவிப்பு. பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள், விசாரணை கேட்க 60 நாள்.

இவ்வளவு சடங்கு எதற்கு என்று கேட்டால், பதில் பென்சில்வேனியாவில் இருக்கிறது. 1979 மார்ச் 28 அன்று திரீ மைல் தீவு நிலையத்தின் இரண்டாவது உலை பாதி உருகியது. மறு ஆண்டு, கட்டடத்துக்குள் தேங்கியிருந்த கதிரியக்க கிரிப்டான் வாயுவை வெளியே விட ஆணையம் அனுமதித்தது. அந்தப் பகுதியைச் சேர்ந்த ஸ்டீவன் ஷாலியும் மற்றவர்களும், எங்களை விசாரிக்காமல் உரிமத்தை எப்படி மாற்றலாம் என்று வழக்குத் தொடுத்தார்கள். வாயு அதற்குள் காற்றோடு போய்விட்டது. ஆனால் 1980 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது: விசாரணை கேட்டால், திருத்தத்துக்கு முன்பே விசாரிக்க வேண்டும்.

ஆணையம் அதிர்ந்தது. எல்லாத் திருத்தமும் விசாரணைக்காகக் காத்திருந்தால் உலைகளே நின்றுவிடும் என்றது. 1983 ஜனவரியில் நாடாளுமன்றம் ஒரு நடுவழி கண்டது: பெரிய அபாயம் இல்லாத திருத்தம் என்றால் விசாரணை முடியும் முன்பே தரலாம், ஆனால் முன்கூட்டி அறிவித்தாக வேண்டும். அந்த ஆண்டு ஆணையம் வெளியிட்ட எடுத்துக்காட்டுகளில், அபாயமில்லாத வகைக்கு முதலில் சொல்லப்பட்டது நிர்வாகத் திருத்தம்தான்: பிழை நீக்குவது, பெயர் மாற்றுவது, ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுவது.

இது வீண் செலவு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆணையத்தின் பரிசீலனைக் கட்டணம் அண்மைய ஆண்டுகளில் மணிக்கு 300 அமெரிக்க டாலருக்கு மேல். ஒரு முற்றுப்புள்ளிக்கு இவ்வளவா என்ற சலிப்பு நியாயமானதே. எனக்கு இதில் பிடித்தது ஒன்று. பிழை சிறியதா பெரியதா என்று அங்கே முதலில் கேட்பதில்லை, எந்த வழியாக உள்ளே வந்தது என்று கேட்கிறார்கள். சிறியது என்று சொல்வது எப்போதும் பிழை செய்தவர்தான். எந்த வழியாக வந்தது என்பதையோ பத்திரங்களைப் புரட்டி யாரும் சரிபார்க்கலாம். திருத்தப்பட்ட பக்கத்தின் ஓரத்தில் மாறிய இடத்தைக் காட்ட செங்குத்தாக ஒரு கோடு போடுவார்கள். கோடு இல்லாத இடத்தில் வாசகம் மாறியிருந்தால், அது திருட்டுத்தனமாக இல்லாவிட்டாலும் தெரியாமல் நுழைந்தது.

எழுதப்பட்ட அளவே பாதுகாப்புக்குப் போதாது என்று தெரியவந்தால் என்ன செய்வது? 1998 டிசம்பரில் ஆணையம் அதற்கும் ஒரு கடிதம் அனுப்பியது. பத்திரம் திருந்தும்வரை காத்திருக்கக் கூடாது. நிறுவனம் உடனே கடுமையான அளவைத் தானே கடைப்பிடித்து, திருத்தத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

இப்போது அந்த நாட்டிலேயே காற்று மாறி அடிக்கிறது. 2025 மே மாதம் அதிபர் டிரம்ப் பிறப்பித்த உத்தரவு, ஆணையத்தின் விதிகளை முழுமையாக மறுபரிசீலனை செய்யவும், உரிமங்களை வேகப்படுத்தவும் சொல்கிறது. வேகம் கூடும்போது பொது அறிவிப்பு போன்ற படிகள் மெலியுமா என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். நாம் பார்த்து எழுதப்போவது பழைய விதியையா, மெலிந்த விதியையா?

நம்மிடம் 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம் இருக்கிறது. பாங்கியில் 1982 முதல் ஓர் ஆய்வு உலையும் இருக்கிறது. புக்கிட் மேரா மக்களுக்குத் தங்கள் வீட்டுப் பக்கத்து அரிய மண் ஆலையைப் பற்றிப் பேச 1985இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. 1992இல் ஆலையை மூடச் சொல்லித் தீர்ப்பு வந்தது, 1993இல் மேல் நீதிமன்றம் அதைத் தள்ளியது, 1994இல் நிறுவனம் தானே மூடிக்கொண்டது. அணுமின் நிலையத்துக்கான விதிகள் எழுதப்படும்போது நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க என்னிடம் இரண்டே கேள்விகள் இருக்கின்றன. உரிமத்தில் மாறியது ‘வெறும் எழுத்துப் பிழை’ என்று முடிவு செய்வது யார்? அந்த முடிவு எங்கே, எந்த மொழியில் வெளியாகும்?