வைத்திருத்தல் வேறு, வாசித்தல் வேறு

“பிரதி எடுத்து வைத்தாயிற்று, இனிப் பயமில்லை” என்று நம்மிற் பலர் சொல்லக் கேட்கின்றோம். ஏட்டுச் சுவடிக் காலந்தொட்டுக் கணினிக் காலம் வரை மனிதன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் மொழி இது. அது எவ்வளவு தூரம் பொய்த்துப் போகக்கூடும் என்பதை அண்மையில் நானே அநுபவித்து அறிந்தேன்.

காலஞ்சென்ற என் தமிழாசிரியர் ஊரூராகச் சென்று நாட்டார் பாடல்களைச் சேகரித்தவர். அவர் எழுதிவைத்த குறிப்புக்களை 2002ஆம் ஆண்டு நான் கணினியிற் பதிந்து, அவற்றின் காப்புப் பிரதியை இறுவட்டு ஒன்றில் இட்டு வைத்தேன். பின்னர் நேர்ந்த இடப்பெயர்வில் கையெழுத்துத் தாள்கள் தொலைந்தன. தாள் போனாலும் வட்டு இருக்கின்றதே என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

சென்ற மாதம் அவ்வட்டை எடுத்தபோது, என் புதிய கணினியில் அதை இடுவதற்கு வாயிலே இல்லை. என்னிடம் படிக்கும் மாணவன் ஒருவன் வெளியிலிருந்து பொருத்தும் கருவியொன்றைக் கொண்டுவந்தான். கோப்புக்கள் யாவும் பழுதின்றி வந்து சேர்ந்தன. திறந்து பார்த்தால் தமிழைக் காணோம்! ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் விரவிக் கிடந்தன. ‘தமிழ்’ என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பீ, ஓ என்னும் சிற்றெழுத்துக்கள் நான்கும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன.

காரணம் எளிது. பாமினி முதலான பழைய எழுத்துருக்களில் எழுதிய காலத்தில், கணினி சேமித்தது தமிழையன்று. ஆங்கில எழுத்துக்குரிய எண்ணையே சேமித்தது. எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டியது. 1991ஆம் ஆண்டு வெளிவந்த யுனிக்கோட் நியமத்தின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கெனத் தனி எண்கள் ஒதுக்கப்பட்டன. ஆயினும் அதன் பின்னரும் நெடுங்காலம் நாம் பழைய வழியையே பற்றி நின்றோம்.

இதில் என் பிழையும் உண்டு. வட்டில் இடம் மிஞ்சட்டும் என்று, ஆவணங்களை வெறும் உரைக்கோப்புக்களாக மாற்றிப் பதித்திருந்தேன். எந்த எழுத்துரு என்ற குறிப்பும், எச்சொல் தமிழ், எச்சொல் ஆங்கிலம் என்ற வேறுபாடும் அன்றே அழிந்தன.

எழுத்துருச் சிக்கல் தமிழுக்குரியது. பழைய பிரதி புதிய பணிசெயல் முறைமையில் ஊமையாகிவிடுவதோ உலகப் பொது. 2001ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியின் காப்புப் பிரதிச் செயலி, தெரிந்தெடுத்த கோப்புக்களையெல்லாம் ஒரே பெருங்கோப்பாகக் கட்டி வைக்கும். 2007இல் பொதுமக்கள் கைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் அச்செயலி இடம்பெறவில்லை. பழைய கட்டை அவிழ்ப்பதற்கு மாத்திரம் உதவும் வேறொரு கருவி தனியே வழங்கப்பட்டது. அதைத் தேடிப் பெற அறிந்தவனுக்கே அக்கட்டு அவிழும்.

நம் முன்னோர் இச்சிக்கலை அறியாதவர்களல்லர். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, ஏடுகளைத் தேடிப் பெற்றதோடு அவர் பணி முடிந்துவிடவில்லை. ஏட்டிலே பெரும்பாலும் மெய்க்குப் புள்ளியில்லை; எகர ஏகார வேறுபாடும் தெளிவில்லை. இலக்கணமும் இலக்கியமும் கற்ற ஒருவர் இருந்து படித்தாலன்றி ஏடு பேசாது. ஏடு வைத்திருந்தோர் பலர். அதை வாசிக்க வல்லோர் சிலர். அச்சிலர் இருந்த காலத்திலேயே பிரதி புதுப்பிக்கப்பட்டமையால் நாம் பிழைத்தோம்.

“இப்பொழுது எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றனவே, இணையச் சேமிப்பகமும் இருக்கின்றதே” என்பாருமுளர். சேமிப்பகம் கோப்பிலுள்ள எண்களைக் காக்கும். அவற்றின் பொருளைச் சொல்லாது. மாற்றியின் திறத்தையும் கண்டேன். பாடல்கள் நொடிப் பொழுதில் தமிழாயின; ஆசிரியர் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்புக்களும் உடன்சேர்ந்து பொருளற்ற தமிழாயின! மாணவனும் நானும் இரண்டு இரவுகள் மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்தினோம்.

ஆகவே, காப்புப் பிரதி எடுத்தல் பாதி வேலையே. அதை மீட்டு, திறந்து, படித்துப் பார்த்தலே மற்றப் பாதி என்பது என் துணிபு. பாடசாலை மலர்கள், சங்க அறிக்கைகள், அச்சேறாத ஆய்வுரைகள் எத்தனை இன்று இறுவட்டுக்களிலும் பழைய வன்தட்டுக்களிலும் உறங்குகின்றன! அவற்றை உடையோர் இவ்விடுமுறையிலேயே திறந்து பார்க்கட்டும். மூலக் கோப்பை அழியாது வைத்து, யுனிக்கோட்டில் மாற்றிய பிரதியொன்றையும், எந்த ஆண்டு, எந்த மென்பொருள், எந்த எழுத்துரு என்ற குறிப்பையும், இயலுமாயின் அவ்வெழுத்துருவையும் அருகில் வைக்கட்டும். புதிய கணினி வாங்கும் ஒவ்வொரு முறையும், பழையதை அகற்றுமுன் இதனைச் செய்யட்டும். ஆசிரியர்கள் இதை மாணவர்க்கு ஒரு பயிற்சியாகவே கொடுக்கலாம். தட்டெழுதியவர் உயிரோடிருக்கும்போது கேட்டறிவது எளிது.

என் ஆசிரியரின் பாடல்கள் மீண்டுவிட்டன. ஆயினும் மூன்று தாலாட்டுக்களின் கீழே, பாடியவரைக் குறிக்க அவர் இட்ட தனியெழுத்து ஒன்று நிற்கின்றது. ஆங்கில ‘எம்’ என்னும் பேரெழுத்தும் பாமினியின் ‘ஆ’வும் கணினிக்கு ஒன்றே. அவர் எழுதியது எது? தட்டெழுதிய எனக்கு நினைவில்லை. சொல்லக்கூடிய அவரும் இல்லை. பாடிய அத்தாயின் பெயர் அவ்வோரெழுத்துக்குள் அகப்பட்டுக் கிடக்கின்றது. பத்து ஆண்டுகளுக்கு முன் வட்டைத் திறந்திருந்தால் அவரிடமே கேட்டிருப்பேன்.