ரசீதுக்குப் பிறகு



மார்ச் மாதம் பிறந்ததும் தொண்டு நிறுவனங்களின் வேண்டுகோள்கள் நம் கைப்பேசிகளில் வந்து குவிகின்றன. 80ஜி வரிச்சலுகை உண்டு என்ற வரி பெரும்பாலானவற்றில் தவறாமல் இருக்கும். ஆனால் 2023-24 நிதியாண்டிலிருந்து, நாம் வேறாகத் தேர்ந்தெடுக்காவிட்டால், புதிய வரிமுறைதான் பொருந்தும். அதில் நன்கொடைக்கான அந்தச் சலுகை கிடையாது. அது தெரிந்தும் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கொடுக்க வைப்பது எது என்று பணம் திரட்டும் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும்.

வேலூரின் கதை எனக்கு நினைவுக்கு வருகிறது. ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் தனித்தனியே வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியரைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்டார்கள். அவர் மருத்துவம் படித்தவரல்லர். மருத்துவரான அவருடைய தந்தையை அழைத்துப் போகவோ, ஆண் என்பதால், அவர்கள் இசையவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற ஐடா, வேலூரில் பெண்களுக்கு மருத்துவமனை கட்ட நியூயார்க்கில் நிதி தேடினார். தேவை 8,000 டாலர். டேபர் என்ற பெண்மணியின் வீட்டில் அவர் பேசிக்கொண்டிருந்ததை, அந்த அம்மையாரின் உறவினரும் வங்கித் தலைவருமான ராபர்ட் ஷெல் அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவியை இழந்தவர். அந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஷெல் என்ற பெயர் வேலூரில் இன்றும் புழங்குகிறது.

அந்தப் பெரியவரின் துக்கத்துக்கு இறங்க ஓர் இடம் வேண்டியிருந்தது. ஐடாவின் வேலைக்கு ஆதரவு வேண்டியிருந்தது. இரண்டும் சந்தித்த இடத்தில் மருத்துவமனை எழுந்தது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். கொடுப்பவருக்கும் ஒரு மனம் இருக்கிறது, அவருக்கும் சொல்ல ஒரு கதை இருக்கிறது. அதைக் கேட்க ஆள் வேண்டும்.

இறந்தவர் நினைவாகக் கொடுப்பது நம் ஊரில் புதிதில்லை. அம்மாவின் நினைவு நாளுக்கு முதியோர் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு போடுகிறோம். பணம் கட்டுகிறோம், ரசீது வருகிறது. அடுத்த ஆண்டு அதே தேதி நெருங்கும்போது பணத்தை நினைவூட்டி ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அதற்குப் பதில் யாராவது அழைத்து, “உங்க அம்மா என்ன விரும்பிச் சாப்பிடுவாங்க? அதையே சமைக்கிறோம்” என்று கேட்டால் எப்படி இருக்கும்! நிறுவனத்துக்கு அதனால் பெரிய செலவொன்றும் ஆகிவிடாது. வத்தக்குழம்பும் அப்பளமும்தானே! ஆனால் அந்த வீட்டுக்கும் இல்லத்துக்கும் இடையே ஓர் உறவு பிறந்துவிடும்.

கொடுத்தவரை மகிழ்விக்கிறோம் என்று, ஆதரவற்றோர் இல்லத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாட வைப்பதும், கேக்கோடு படம் பிடிப்பதும் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. அந்தக் குழந்தைகளின் பசியை யாருடைய பிறந்தநாளுக்கும் அலங்காரமாக்கக் கூடாது. கொடையாளரை மதிப்பதற்கு நல்ல வழிகள் இருக்கின்றன. போன வருடம் வந்த பணத்தில் என்ன நடந்தது என்று நான்கு வரி எழுதலாம். தோண்டிய ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வரவில்லையென்றால் அதையும் மறைக்காமல் சொல்லலாம். உண்மை சொல்பவரிடம் மனிதர்கள் மறுபடியும் வருகிறார்கள். எதுவும் கேட்காமல், எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிக்க ஒருமுறை அழைக்கலாம். மாதம் இருநூறு ரூபாய் அனுப்பும் ஓய்வூதியக்காரருக்கும் இதெல்லாம் கிடைக்க வேண்டும். வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலையில் இன்றும் சோறு வேகிறது. எத்தனையோ எளியவர்கள் கொடுத்த அரிசியும் அந்த உலையில் சேர்ந்திருக்கிறது.

கொடுத்த பிறகு உங்களைத் தேடி வந்த ஒரு கடிதமோ அழைப்போ நினைவில் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். தொண்டு நிறுவனம் நடத்துபவர்களும் எழுதுங்கள். நன்றிக் கடிதம் எழுதக்கூட ஆள் இல்லாமல் திணறும் சிறிய அறக்கட்டளைகளின் பாடு எங்களுக்குத் தெரிய வேண்டும். இரு தரப்புக் கடிதங்களையும் அடுத்த இதழில் எதிரெதிர்ப் பக்கங்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்