பாலைவன ஆமையாம், பாலைவன மணலாம்!

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் சூடாத்தான் எழுதப் போறேன். இங்க அமெரிக்காவுல சல்கேட்டா ஆமைக்குட்டி வாங்கப் போனா, கூடவே ஒரு மூட்டை மணலையும் நம்ம தலையில கட்டிடறாங்க. "ஆப்பிரிக்கப் பாலைவன ஆமை, காஞ்ச இடத்துலதான் நல்லா வளரும்"னு வியாக்கியானம் வேற.

அடப்பாவிகளா! சகாரா ஓரத்து சாஹேல் வறண்ட பூமிதான், யார் இல்லைன்னா? ஆனா அங்க வெயில் கொளுத்தறப்போ ஆமை வெளிய உக்காந்து வத்தலா காயறதில்ல. மண்ணைத் தோண்டி வளைக்குள்ள போயிடுது. உள்ள ஈரப்பதம் இருக்கும். கண்ணாடித் தொட்டிக்கு மேல விளக்கு, கீழ மணல்னு வெச்சா வளை எங்கய்யா இருக்கு? அது பாலைவனமே இல்ல, அப்பளம் சுடற அடுப்பு.

அப்படி வளர்ற குட்டிக்கு ஓட்டுல கட்டத்துக்குக் கட்டம் கூம்பு கூம்பா மேடு தட்டிடும். உடனே "புரதம் அதிகமாக் குடுத்துட்டீங்க"ன்னு பழி நம்ம மேல. ஆஸ்திரியாவுல வீஸ்னர், ஈபென்னு ரெண்டு பேர் சல்கேட்டா குட்டிகளையே வளர்த்துப் பார்த்து, 2003-ல எழுதிட்டாங்க: முக்கியக் காரணம் காத்துல ஈரம் கம்மி, புரதத்தோட பங்கு சொற்பம். இருபது வருஷம் தாண்டியாச்சு. மணல் மூட்டை மட்டும் இன்னும் அலமாரியில.

கூம்பாவது அழகு கெட்டதோட போச்சுன்னு வெச்சுக்கலாம். கீரையில ஒட்டின மணல் உள்ள போய்க் குடலை அடைச்சா? "கால்சியம் மணல், தின்னாலும் செரிச்சிடும்"கற கதையையும் நம்பாதீங்க, அதுவும் கட்டி தட்டும். வால்நட் ஓட்டுத்தூள் குத்தும். செடார் சீவலோட வாசனை நமக்குத்தான் சுகம், குட்டியோட நுரையீரலுக்கு ஆகாது.

பின்ன என்னதான் போடறது? தென்னை நார்த்தூள்! நம்ம பொள்ளாச்சிப் பக்கத்துலேர்ந்து கட்டி கட்டியா கப்பலேறுதே, அந்தச் சரக்குதான். ஊறவெச்சுப் பிழிஞ்சு மூணு நாலு அங்குலம் பரப்புங்க. அடியில ஈரம், மேல லேசாக் காய்ஞ்சாப்ல. கீரையை ஒரு தட்டைக் கல்லு மேல வைங்க. ஒண்ணு மட்டும் முக்கியம்: ராத்திரியிலயும் சூடு 27 டிகிரி செல்சியஸுக்குக் கீழ போகக்கூடாது. ஈரமும் குளிரும் சேர்ந்தா நிமோனியாதான். "ஈரம் வெச்சேன், செத்துப் போச்சு"ன்னு சொல்றவங்ககிட்ட முதல்ல ராத்திரிச் சூடு எவ்ளோன்னு கேளுங்க.

(ஊர்ல இருக்கற நண்பர்கள் இதைப் படிச்சுட்டு நட்சத்திர ஆமை தேடிப் போயிடாதீங்க சாமிகளா. 1972 வனவிலங்குச் சட்டத்துல அதை வீட்ல வளர்க்கறதே குத்தம்.)

மணலை ஏற்கனவே வாங்கித் தொலைச்சாச்சா? பனி விழற ஊரா இருந்தா வாசப்படியில தூவுங்க, வழுக்காது.