நிலைத்திருத்தல் வேறு, பற்று வேறு

ஒரே நிறுவனத்தில் இருபது ஆண்டுகள் பணியாற்றியவரை 'விசுவாசமான ஊழியர்' என்று பாராட்டிப் பொன்னாடை போர்த்துவது நம் நாட்டு வழக்கம். ஆனால் நீண்ட காலம் இருப்பது மட்டுமே பற்றுக்குச் சான்றாகாது.

பணிப்பற்றை மூன்றாகப் பகுத்து, 1991இல் மேயர், ஆலன் என்னும் இரு உளவியல் அறிஞர்கள் எழுதினர். விரும்பி இருப்பது ஒன்று. கடமையென்று கருதி இருப்பது மற்றொன்று. விலகினால் இழப்பு நேரும் என்பதற்காக இருப்பது மூன்றாவது. வருகைப் பதிவேட்டில் இம்மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். பிழையொன்றைக் கண்டவர் வாய் திறக்கிறாரா, 'நமக்கென்ன' என்று கடந்து போகிறாரா என்பதில்தான் வேறுபாடு வெளிப்படும்.

முதல் இரண்டையும் சம்பளத்தால் மட்டும் வாங்கிவிட முடியாது. பணியிட அறமே அவற்றை வளர்க்கிறது. அமெரிக்காவில் ஜெரால்ட் கிரீன்பர்க் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில் ஊதியம் தற்காலிகமாக 15 விழுக்காடு குறைக்கப்பட்டது. ஓர் ஆலையில் நிர்வாகம் அதற்கான காரணங்களை விரிவாக எடுத்துரைத்து வருத்தமும் தெரிவித்தது. மற்றதில் சுருக்கமாக அறிவித்ததோடு சரி. விளக்கம் பெற்ற ஆலையைவிட, பெறாத ஆலையில் பொருள்கள் திருடுபோவது மிகுதியாக இருந்தது; வேலையை விட்டுச் சென்றோரும் அங்கேதான் அதிகம். இழந்த பணம் இரு இடத்திலும் ஒன்றே. மனிதராக மதிக்கப்பட்டோமா என்பதே வேறுபட்டது.

அறம் என்பது சுவரில் மாட்டும் வாசகமும் அன்று. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனம் 2008இல் நல்ல நிறுவன ஆளுகைக்கான விருதைப் பெற்றது. 2009 ஜனவரி 7 அன்று, கணக்குகள் பல ஆண்டுகளாகப் பொய்யாகக் காட்டப்பட்டு வந்ததை அதன் தலைவர் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். முறைகேட்டில் எவ்விதப் பங்கும் இல்லாத பல்லாயிரம் ஊழியர்கள், அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று கலங்க நேர்ந்தது. நேர்மையாக உழைத்தவரின் பெருமிதத்தையும் மேலிடத்தின் பொய் பறித்துவிடும்.

வேலை கிடைப்பதே அரிதான நாட்டில் இத்தகைய பேச்சு ஆடம்பரம் என்பர் சிலர். உண்மை அதற்கு நேர்மாறானது. எளிதில் விலக முடியாத இடத்தில் அதிருப்தி வெளியேறுவதில்லை. உள்ளேயே தங்கி மௌனமாகவும் அக்கறையின்மையாகவும் உறைகிறது. 'எங்களிடம் யாரும் வேலையை விடுவதில்லை' என்று மகிழும் நிர்வாகம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறது.

எனவே ஒரு நிறுவனத்தின் அறத்தை அளக்க, எத்தனை பேர் தங்கினர் என்று எண்ணிப் பயனில்லை. மேலதிகாரியின் தவறைச் சுட்டிக்காட்டியவர் அடுத்த ஆண்டு எந்த நாற்காலியில் இருக்கிறார் என்று பார்த்தால் போதும். மற்ற ஊழியர்கள் அனைவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.