எங்கள் ஜில்லாவில் ஒரு தீவு இருந்தது

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அறுபதைத் தாண்டியவர்களிடம் சொந்த ஜில்லா எது என்று கேட்டால், "ராம்நாட்" என்று சட்டென வரும். 1910இல் மதுரையிலும் திருநெல்வேலியிலும் கொஞ்சம் கொஞ்சம் பிய்த்து உண்டாக்கிய ராமநாதபுரம் ஜில்லா அது. மேற்கே செண்பகத்தோப்பு மலை, கிழக்கே தனுஷ்கோடிக் கடல். கலெக்டர் ஆபீஸ் மட்டும் பக்கத்து ஜில்லா மதுரையில் இருந்தது, அந்தக் கூத்தை யார் கேட்பது! 1985இல் மூன்றாகப் பிரித்தார்கள். மலை எங்களுக்கு வந்தது, ராமேஸ்வரம் தீவு ராமநாதபுரத்தோடு போனது.

போனாலும் அமாவாசைக்கு அமாவாசை இங்கிருந்து வேன் போகிறது. அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, கோவிலுக்குள் 22 தீர்த்தம், ஈரம் காயுமுன் தரிசனம், பாம்பன் பாலத்தில் ஒரு செல்ஃபி, ராத்திரி வீடு. கோவிலைப் பார்த்தவர்கள் உண்டு. தீவைப் பார்த்தவர்களைத்தான் காணோம்.

தீவு மேற்கே அகன்று கிடக்கிறது. கிழக்கே போகப் போக ஒடுங்கி அரிச்சல்முனையில் தீர்ந்துவிடுகிறது. அங்கே நின்றால் இரண்டு பக்கமும் கடல், ஆனால் இரண்டும் ஒரே குணம் இல்லை. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெரும்பாலும் அலையடங்கிக் கிடப்பதால் அது பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா முரட்டு அலை வீசும், அது ஆண் கடல். மீன்காரர்கள் வைத்த பெயர்கள். வீட்டில் பெண்கள் ஒப்புக்கொள்வார்களா தெரியாது. வாடைக் காற்று தொடங்கிவிட்டால் பெண் கடலும் ஆடித் தீர்க்கும்.

அந்த மணலில் கையால் ஒரு குழி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். கரையிலிருந்து நாலு எட்டுத்தான் இருக்கும், உப்புக் கரிக்காது. பெண்கள் குனிந்து உட்கார்ந்து, கலங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். பெய்த மழையை மணல் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. எடை குறைந்த அந்த நீர் அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் கரித்துவிடும்.

மல்லிகை கதையும் இந்த மணலில்தான் ஆரம்பம். தங்கச்சிமடம் பக்கம் தோட்டம் தோட்டமாக மல்லிகை நாற்று போடுகிறார்கள். மணலில் தண்டு சீக்கிரம் வேர்விடும். மதுரை மல்லி என்று ஊர் பெயர் சொல்லி விற்கும் பூவுக்கு நாற்று பெரும்பாலும் இங்கிருந்து போனதுதான். 2013இல் புவிசார் குறியீடு மதுரைக்குக் கிடைத்தது. நாற்றங்காலை யார் நினைத்தார்கள்?

வரலாறென்றால் எல்லோரும் 1964 புயலுக்கு ஓடுவார்கள். டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடி ஸ்டேஷனை எட்டுமுன் பாம்பன் பாசஞ்சரைக் கடல் கொண்டது. அதிலிருந்த ஒருவரும் மிஞ்சவில்லை. எனக்கு அதற்கு முந்தைய ஐம்பது வருஷம்தான் ஆச்சரியம். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடியில் கப்பல், அங்கிருந்து தலைமன்னார், பிறகு கொழும்பு ரயில். இன்று முட்டுச்சந்தாகத் தெரியும் இடம் அன்று வாசல். இன்னொரு சேதி, இந்தத் தீவில் பிறந்த அப்துல் கலாம் எழுதியது: சீதாராமர் கல்யாணத்துக்கு, குளத்து நடுவிலுள்ள மண்டபத்துக்கு சாமியைக் கொண்டுபோகும் படகுகளை ஏற்பாடு செய்தது அவர் குடும்பம். மரைக்காயர் வீட்டுப் படகில் ராமர். அதைத் தீவு பெரிய விஷயமாகச் சொல்லிக்கொண்டதில்லை.

புயலுக்குப் பின் அரசு தனுஷ்கோடியை வாழத் தகாத ஊர் என்றது. மீனவர்கள் குடிசை போட்டு வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. இடிந்த சர்ச்சில் படம் எடுத்துத் திரும்புகிற வேன்கள், பத்தடி தள்ளி கரைவலை இழுப்பவர்களுக்குப் பிரேக் போடுவதில்லை. அடுத்த அமாவாசைக்குப் போகிறவர்கள் டிரைவரிடம் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பேசிவையுங்கள். வரும் வழியில் தங்கச்சிமடத்தில் நாற்றும் வாங்கலாம். எங்கள் செம்மண்ணிலும் பிடிக்கிறது.