குழந்தையை அடக்காதீங்க, வீட்டைத் திருத்துங்க!

என் நாலு வயது மகளுக்குப் பிறவியிலேயே பார்வைக் குறைவு. கண்ணாடி போட்டாலும் மங்கலாகத்தான் தெரியும். "ஒரே இடத்துல உட்கார வை, எதுக்கு வம்பு?" என்பார் என் மாமியார். நானும் அப்படியே செய்தேன். ஒருநாள் தண்ணீர் குடிக்கத் தானே எழுந்து போனவள், பாதி திறந்திருந்த கதவில் இடித்து நெற்றியில் ரத்தம். கதவை அப்படி விட்டது நான்தானே என்று அன்றுதான் உறைத்தது.

இப்போது கதவை முழுசாகத் திறப்பேன், இல்லை முழுசாகச் சாத்துவேன். படி ஓரங்களில் மஞ்சள் பெயிண்ட் பட்டை அடித்தோம். அரிவாள்மணை, சுடுபாத்திரம் எல்லாம் அவள் கைக்கு எட்டாத இடத்தில். வெள்ளைத் தட்டில் சோறு தெரியாது என்று கருநீலத் தட்டு வாங்கினேன். குடம், ஸ்டூல் எதையும் இடம் மாற்றுவதில்லை. மாற்றினால் அவள் கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டிவிடுவேன்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் வருபவர்கள் எங்கள் திண்ணையில் இளைப்பாறுவார்கள். "பையை நடையில வைக்காதீங்க, குழந்தை வரும்" என்று சொல்லிவிடுவேன். யாரும் கோபித்ததில்லை.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் குறைபார்வையும் இருக்கிறது. அதற்கான சான்றிதழை அவசியம் வாங்குங்கள். ஆனால் வீட்டுக்குள் பாதுகாப்பு நம் பொறுப்புதான்.

இன்று என் மகள் தானே தண்ணீர் மொண்டு குடிக்கிறாள். மாமியாரும் துடைப்பத்தைச் சாத்தியதும், "இங்கதாம்மா வச்சிருக்கேன்" என்று பேத்தியிடம் சொல்கிறார். என்ன தோழியரே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, அடி அண்ணாமலை.